சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறும் முன் எங்கே தங்குவது, காரை எங்கே விடுவது?

3 பிப்ரவரி 2024 – மில்டன் கீன்ஸிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

வரும் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பும் ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், என் அப்பா, அம்மா என்று மொத்தம் ஆறு பேர். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. அம்மாவுக்கு மூட்டு வலி. வீட்டிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம்தான் என்பதால், முந்தின நாளே போய் ஓட்டலில் தங்குவது வீண் செலவு என்று நினைக்கிறேன். தங்கித்தான் ஆக வேண்டுமென்றால், கார் நிறுத்தத்தையும் சேர்த்துத் தரும் ஓட்டலைப் பிடிப்பதா, துறைமுகத்துக்குள்ளேயே காரை விடுவதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி 2024, இரவு – என் பதில்

வீண் செலவு என்று நீங்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாங்கள் கவென்ட்ரியில் இருக்கிறோம். 2016, 2019, 2022 என்று மூன்று முறை சவுத்தாம்ப்டனிலிருந்து கப்பல் ஏறியிருக்கிறோம். நான்காவது பயணம் இந்த ஜூனில். மூன்றிலும் என் மாமியார் எங்களுடன் வந்தார். அவருக்கும் முழங்கால் வலி உண்டு என்பதால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதல் முறை நாங்களும் உங்களைப் போலத்தான் கணக்குப் போட்டோம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் போய்விடலாம் என்று எண்ணினோம். எம்40 நெடுஞ்சாலையில் தடையில்லாமல் வந்தவர்கள், ஏ34 சாலையில் நியூபரியைத் தாண்டியதும் நின்றுவிட்டோம். முன்னால் எங்கேயோ ஒரு லாரி கவிழ்ந்திருந்தது. அந்தச் சாலையில் நின்றுவிட்டால் திரும்பிப் போகவும் வழியில்லை, இறங்கி நிற்கவும் இடமில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தோம். மடியில் எலுமிச்சைச் சாதப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அத்தை அதைத் திறக்கவே இல்லை. இடையில் கழிப்பறை தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாத்திரை போட வேண்டிய நேரமும் அப்படியே கடந்து போயிற்று. கப்பல் புறப்படுவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகள் பதிவை மூடிவிடுவார்கள். அது மூடுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஏறிவிட்டோம் என்பது உண்மைதான், ஆனால் முதல் இரண்டு நாள் அத்தை காய்ச்சலோடு அறையிலேயே படுத்திருந்தார்.

விமானத்தைத் தவறவிட்டால் அடுத்ததில் இடம் கேட்கலாம். கப்பலைத் தவறவிட்டால் அது அடுத்து நிற்கும் துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ப் பிடிக்க வேண்டும். ஆறு பேர், அதில் இரண்டு முதியவர்கள் என்றால் அந்தச் செலவையும் அலைச்சலையும் நினைத்துப் பாருங்கள். ஓட்டலில் ஓர் இரவு தங்குவதை நான் காப்பீட்டுத் தவணை போலத்தான் பார்க்கிறேன்.

4 பிப்ரவரி 2024

நேற்று ஓட்டலைப் பற்றிச் சொல்லும் அவசரத்தில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டேன். உங்கள் கப்பல் எந்த முனையத்தில் நிற்கும்? பயணச்சீட்டில் "சவுத்தாம்ப்டன்" என்று மட்டும் பார்த்துவிட்டு ஓட்டலைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே பயணிகள் முனையங்கள் ஐந்து. கிழக்குத் துறையில் ஓஷன் முனையமும் குயின் எலிசபெத் 2 முனையமும் இருக்கின்றன. இரண்டுக்கும் 4ஆம் டாக் கேட் (துறைமுக நுழைவாயில்) வழியாகப் போக வேண்டும். மேற்குத் துறையில் சிட்டி, ஹொரைசன், மேஃப்ளவர் என்று மூன்று. சிட்டி முனையத்துக்கு 8ஆம் கேட்; ஹொரைசனுக்கும் மேஃப்ளவருக்கும் 10ஆம் கேட். இவற்றில் ஹொரைசன்தான் புதியது, 2021இல் திறந்தார்கள். ஓஷன் முனையத்துக்கும் மேஃப்ளவருக்கும் இடையே சாலை வழியாக இரண்டு மைலுக்கு மேல் இருக்கும். கப்பல் நாளின் நெரிசலில், பெட்டிகளோடும் பெரியவர்களோடும் அந்த இரண்டு மைல் சின்ன தூரமாகத் தெரியாது.

காரில் வழிகாட்டிக் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். துறைமுகத்தின் அஞ்சல் குறியீடுகள் அகலமான நிலப்பரப்பைக் குறிப்பவை. 2019இல் எங்கள் கருவி எங்களைப் பூட்டிய ஒரு வேலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்ததாக அறிவித்தது. டாக் கேட் எண்ணை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு, சாலைப் பலகைகளைப் பார்த்துப் போங்கள். மேற்குத் துறைக்கு எம்27இலிருந்து எம்271இல் இறங்கிப் போவது எளிது, ஏனென்றால் நகருக்குள் நுழையாமலே 10ஆம் கேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

6 பிப்ரவரி 2024

இனி ஓட்டல். நகரத்தில் கப்பல் பயணிகள் தங்கும் ஓட்டல்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கின்றன.

வெஸ்ட் குவே சாலையை ஒட்டிய பகுதி முதலாவது. நோவோட்டல், ஐபிஸ், லியோனார்டோ ராயல் கிராண்ட் ஹார்பர் எல்லாம் இந்தப் பக்கம்தான். ஹாலிடே இன் இன்னும் துறையை ஒட்டி ஹெர்பர்ட் வாக்கர் அவென்யூவில் இருக்கிறது. வெஸ்ட்குவே கடைவளாகம் பக்கத்தில் இருப்பதால், மறந்துபோன பல்துலக்கியிலிருந்து அப்பாவின் மூக்குக் கண்ணாடிக்கான திருகு வரை எல்லாம் கிடைக்கும். சவுத்தாம்ப்டன் சென்ட்ரல் ரயில் நிலையமும் தொலைவில்லை. இரண்டாவது, பழைய நகரத்தின் ஹை ஸ்ட்ரீட். பழைய கட்டட ஓட்டல்கள் அங்கே உண்டு. 4ஆம் கேட்டுக்கு அருகில் என்பதால் ஓஷன் முனையத்தில் ஏறுகிறவர்களுக்கு இந்தப் பகுதி வசதி. மூன்றாவது ஓஷன் வில்லேஜ். படகுத்துறையைப் பார்த்த அழகான இடம், விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

பெரியவர்களோடு போகும்போது நான் நட்சத்திரங்களைப் பார்ப்பதில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு மூன்று விஷயங்களைக் கேட்பேன். மின்தூக்கி எல்லா மாடிக்கும் போகிறதா, அல்லது இடையில் நான்கு படி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. பழைய கட்டடங்களில் இந்த நான்கு படிகள் எப்படியும் எங்கேயாவது இருக்கும். குளிக்கும் இடம் தொட்டியா, தரையோடு இருக்கும் ஷவரா என்பது இரண்டாவது. இங்கிலாந்தின் குளியல் தொட்டி விளிம்பைத் தாண்டிக் காலை எடுத்து வைப்பது மூட்டு வலிக்காரர்களுக்கு மலையேறுவது போல. அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், அதன் பிறகு கூடத்தில் உட்காரவும் பெட்டிகளை வைக்கவும் விடுவார்களா என்பது மூன்றாவது. முனையத்துக்குள் நுழைய உங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரம் பிற்பகல் இரண்டு மணி என்றால், பதினொன்றிலிருந்து அதுவரை பெற்றோர் எங்கே உட்காருவார்கள்?

ஆறு பேருக்கு இரண்டு அறைகள் எடுப்பதானால் நடுவே கதவுள்ள அறைகளாகக் கேளுங்கள். இரவில் அம்மாவுக்கு வலி வந்தால் வராந்தாவுக்கு வந்து கதவைத் தட்ட வேண்டியிருக்காது.

6 பிப்ரவரி 2024, இரவு

கோயிலுக்குப் போய்விட்டுக் கப்பல் ஏற ஆசைப்படும் பெரியவர்கள் இருந்தால், நார்தம் பகுதியில், கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் வேதிக் சொசைட்டி இந்துக் கோயில் இருக்கிறது. முந்தின நாளே வருவதால் கிடைக்கும் நேரத்தை நாங்கள் 2022இல் அங்கேதான் செலவிட்டோம். மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாளாக இருந்தால் அந்தப் பக்கம் காரில் போகாதீர்கள். நடை திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

7 பிப்ரவரி 2024

இன்னொரு வாசகர் தனிச் செய்தியில் கேட்டிருந்தார்: ஹாலிடே இன்னிலிருந்து சிட்டி முனையத்துக்கு நடந்தே போய்விடலாமே, டாக்சி எதற்கு? போகலாம். நானும் கணவரும் மட்டும் என்றால் கால் மணி நேரத்தில் நடந்துவிடுவோம். ஆனால் அது சிட்டி முனையத்துக்கு மட்டுமே பொருந்தும். மேஃப்ளவருக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க நினைப்பது சரியில்லை. கப்பல் நாளில் அந்தச் சாலையில் லாரிகளும் பேருந்துகளும் வரிசை கட்டி வரும். பெரியவர்களும் உடன் வந்தால் எந்த முனையத்துக்கும் டாக்சிதான். அந்த டாக்சியையும் முந்தின இரவே சொல்லி வைத்துவிடுங்கள். கப்பல் நாளில் காலை பதினொரு மணிக்கு நகரத்து ஓட்டல்கள் எல்லாமே ஒரே நேரத்தில் டாக்சி கூப்பிடும்.

11 பிப்ரவரி 2024

கார் நிறுத்தத்தைப் பற்றி எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் 2019இல் நடந்ததைச் சொல்லாமல் அதைப் பற்றி எழுத முடியாது.

அந்த முறை இணையத்தில் மிகக் குறைந்த கட்டணம் சொன்ன ஓர் இடத்தைப் பிடித்தோம். ஆள் ஓட்டலுக்கே வந்து காரை எடுத்துக்கொள்வார், திரும்பும் நாளில் முனையத்துக்கு வெளியே கொண்டுவந்து தருவார் என்ற ஏற்பாடு. காரைக் கொடுக்கும்போது ஒளிரும் மஞ்சள் சட்டை போட்ட ஓர் இளைஞர் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். ஓடிய மைல் கணக்கை என் கணவர் வழக்கம்போல் படம் எடுத்து வைத்திருந்தார். திரும்பி வந்த நாளில் நாங்கள் வெளியே வந்து ஒரு மணி பத்து நிமிடம் கழித்துத்தான் கார் வந்தது. மழைத் தூறலில் அத்தையைப் பெட்டி மேல் உட்கார வைத்திருந்தோம். கார் வந்ததும் பார்த்தால் மைல் கணக்கு 31 கூடியிருந்தது. ஓட்டுநர் இருக்கை பின்னால் தள்ளியிருந்தது, வானொலியில் வேறு அலைவரிசை. பத்து நாள் கழித்து வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. ஒரு பேரங்காடியின் கார் நிறுத்தத்தில் எங்கள் கார் அனுமதித்த நேரத்துக்கு மேல் நின்றதாக அபராதம் கேட்டிருந்தார்கள். அதில் இருந்த தேதியில் நாங்கள் நார்வேயில் இருந்தோம்.

கப்பல் பயணச்சீட்டையும் மைல் படத்தையும் இணைத்து அனுப்பி அபராதத்தை நீக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் அபராதத்தைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. கார் சாவியோடு எங்கள் வீட்டுச் சாவியும் அதே வளையத்தில் இருந்தது. காருக்குள் காப்பீட்டுத் தாளில் எங்கள் முகவரி இருந்தது. எட்டு நாள் வீட்டில் ஆளில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒன்றும் நடக்கவில்லை என்பது எங்கள் நல்ல காலம்.

ஆகவே யாரிடம் சாவியைக் கொடுத்தாலும், அது நல்ல பெயருள்ள இடமாகவே இருந்தாலும், கார் சாவியை மட்டும் தனியாகக் கழற்றிக் கொடுங்கள். முகவரி உள்ள தாள் ஒன்றும் காரில் இருக்கக் கூடாது. வழிகாட்டிக் கருவியில் "வீடு" என்று பதிந்து வைத்திருப்பதையும் அழித்துவிடுங்கள்.

12 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, ஊருக்கு வெளியே நிறுத்துகிறவர்கள் எல்லாருமே ஏமாற்றுகிறவர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி இல்லை, அந்தத் தொனியில் நான் எழுதியது தவறு. நல்ல இடங்கள் பல உண்டு. காவல்துறையும் பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷனும் சேர்ந்து பாதுகாப்பான கார் நிறுத்தங்களுக்குத் தரும் "பார்க் மார்க்" சான்று இருக்கிறதா என்று பார்க்கலாம். கார் உண்மையில் நிற்கப்போகும் இடத்தின் முகவரியைக் கேட்டு வாங்கி, வரைபடத்தில் அங்கே வேலியும் விளக்கும் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். முகவரி தரத் தயங்குகிறவர்களிடம் காரைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

சாவியை நாமே வைத்துக்கொண்டு, அவர்களுடைய சிற்றுந்தில் முனையத்துக்குப் போகும் முறையும் உண்டு. கார் பத்திரமாக இருக்கும் என்ற நிம்மதி இதில் கிடைக்கும். ஆனால் சிற்றுந்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை இரண்டு முறை நம்முடையதாகிறது. ஆறு பேரின் பெட்டிகள் என்றால் அது லேசான வேலை இல்லை.

13 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர் ஒரு கணக்கு அனுப்பியிருக்கிறார். எட்டு நாள் கார் நிறுத்தத்தோடு அறை தரும் ஓட்டலுக்கு ஆகும் தொகை, ஓட்டல் தனி, துறைமுக நிறுத்தம் தனி என்று எடுப்பதைவிட 70 பவுண்டு குறைவாம். கணக்கு சரிதான். அதில் சேராத செலவுகளைச் சொல்கிறேன். அந்த ஓட்டலிலிருந்து முனையத்துக்கு டாக்சி, திரும்பும்போது முனையத்திலிருந்து ஓட்டலுக்கு டாக்சி. ஆறு பேரும் பெட்டிகளும் ஒரே சாதாரண டாக்சியில் அடங்காது, ஆகவே பெரிய வண்டி அல்லது இரண்டு வண்டிகள். நாலு பேராகப் போன நாங்களே 2019இல் போக 9 பவுண்டு கொடுத்தோம். இரண்டு வண்டி, இரண்டு தடவை என்றால் அந்த 70இல் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

இன்னொன்றையும் ஓட்டலில் நேராகக் கேளுங்கள். "கார் நிறுத்தம் சேர்த்து" என்றால் கார் ஓட்டலின் இடத்திலேயே எட்டு நாளும் நிற்குமா, அல்லது நாம் போனதும் வேறு இடத்துக்கு ஓட்டிப் போவார்களா? சில இடங்களில் முதல் இரவு மட்டும்தான் ஓட்டலில் நிற்கும். மீதி நாள்களுக்கு வேறொரு நிறுவனம் சாவியை வாங்கிக்கொள்ளும். அப்படியானால் நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவரிடம் கார் போகிறது.

உங்கள் ஏழு இருக்கை வண்டியின் கூரையில் பெட்டி பொருத்துவீர்களா? பொருத்தினால் நகரத்துப் பல்லடுக்கு நிறுத்தங்களின் உயர வரம்புக்குள் அது நுழையாது. பதிவு செய்வதற்கு முன் வண்டியின் மொத்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

13 பிப்ரவரி 2024, சற்று நேரம் கழித்து

எல்லாரும் புறப்படும் நாளை மனதில் வைத்துத்தான் ஓட்டலையும் கார் நிறுத்தத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்று பயணங்களுக்குப் பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. புறப்படும் நாளில் எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும், நேரமும் இருக்கும். பெட்டியைத் தூக்கவும் காத்திருக்கவும் முடியும். திரும்பும் நாள் அப்படியில்லை. இரவு பெட்டியைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, அரைத்தூக்கத்தில் எழுந்து, காலை எட்டு மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்ய வேண்டும். பெரிய கப்பல்களில் ஐயாயிரம் பேர் வரை இருப்பார்கள். 2021இல் வந்த, பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தின் அயோனா சுமார் 5,200 பேரை ஏற்றும். அத்தனை பேரும் ஒரே காலையில் இறங்குகிறார்கள், அதே நாளில் அதே அளவு கூட்டம் ஏற வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் முனைய வாசலுக்கும் காருக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் எனக்கு இப்போது முதல் கேள்வி.

2022இல் துறைமுகத்துக்குள்ளேயே விட்டோம். போகும்போது முனைய வாசலிலேயே காரை நிறுத்தினோம். சுமை தூக்குகிறவர்கள் பெட்டிகளை அடையாளச் சீட்டோடு எடுத்துக்கொண்டார்கள், பணியாளர் காரை ஓட்டிப் போனார். திரும்பியபோது சாவியை மேசையில் பெற்றுக்கொண்டு, அத்தையை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கணவர் காரைக் கொண்டுவந்தார். பெட்டிகள் கைக்கு வந்து இருபத்தைந்தாவது நிமிடத்தில் சாலையில் இருந்தோம். கட்டணம் கூடுதல்தான். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காகக் கொடுத்தேன்.

ஆகவே என் பதில் இதுதான்: ஓட்டல் தனி, கார் துறைமுகத்துக்குள். வெள்ளி இரவுக்கு மட்டும் கார் நிறுத்த இடமுள்ள ஓட்டலாகப் பாருங்கள்.

2 மார்ச் 2024

பி அண்ட் ஓவில் "செலக்ட்" கட்டணத்தில் பதிவு செய்தவர்கள் கவனிக்க. கப்பலில் செலவு செய்யும் பணம், சவுத்தாம்ப்டனுக்குப் பேருந்து, கார் நிறுத்தம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள் (2024 நிலவரம்). பதிவில் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டுத் தனியாகப் பணம் கட்டி இடம் பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

20 ஏப்ரல் 2024

காரே இல்லாமல் போவதைப் பற்றி ஒருவர் கேட்டார். கவென்ட்ரியிலிருந்து சவுத்தாம்ப்டன் சென்ட்ரலுக்கு மாறாமலே போகும் ரயில் உண்டு. லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஒன்றே கால் மணி நேரம் போல ஆகும். இரண்டு பேர் மட்டும் போவதானால் நான் ரயிலையே எடுப்பேன். ஆனால் சனி, ஞாயிறுகளில் தண்டவாள வேலை நடந்து பாதி வழியைப் பேருந்தில் கடக்க நேரலாம், அதனால் ரயிலில் வருகிறவர்களுக்கும் முந்தின நாளே வருவதுதான் நல்லது.

இதை எழுதும்போது நினைவுக்கு வருகிறது. கப்பலுக்கு முந்தின இரவு அந்த ஊரில் தங்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. டைட்டானிக் 1912 ஏப்ரல் 10 அன்று புறப்படுவதற்கு முந்தின இரவு, அந்தக் கப்பலை நடத்திய வொயிட் ஸ்டார் நிறுவனத்தின் தலைவர் புரூஸ் இஸ்மே ரயில் நிலையத்தை ஒட்டிய சவுத் வெஸ்டர்ன் ஓட்டலில்தான் தங்கினார். அந்தக் கட்டடம் இன்றும் 4ஆம் கேட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பக்கத்திலிருந்த நிலையம் 1966இல் மூடப்பட்டுவிட்டது. டைட்டானிக் நின்றது 44ஆம் துறையில், அதாவது கப்பல் நிற்கும் அந்த எண்ணுள்ள இடத்தில். இன்றைய ஓஷன் முனையம் அதே டாக்கில் 46ஆம் துறையில் இருக்கிறது. 1950இல் அந்த டாக்கிலேயே கட்டிய பழைய முனையத்தில் ரயில் கப்பலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றதாம். அந்த முனையத்தை 1983இல் இடித்துவிட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்களை நினைக்கும்போது அந்த ஏற்பாடு இன்று இல்லையே என்று உண்மையாகவே வருந்துகிறேன்.

7 ஜூன் 2024, இரவு 9.40

ஓட்டல் அறையிலிருந்து எழுதுகிறேன். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம், ஏ34இல் முக்கால் மணி நேரம் தாமதம். யாரும் பதற்றப்படவில்லை. அத்தை வழியிலேயே இட்லியைச் சாப்பிட்டு முடித்தார். இந்தத் தாமதம் நாளை நடந்திருந்தால் என்ற பேச்சு வந்ததும், அவரே "அதனால்தான் இன்றைக்கு வந்தோம்" என்றார்.

அறை நான்காவது மாடி. சன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் சிவப்பு விளக்குகள் தெரிகின்றன. மாலையில் மேஃப்ளவர் பூங்காவில் நடந்தோம்; நீர் மேலே ஏறிய பிறகு வெகுநேரம் இறங்காமல் அப்படியே நின்றது. இந்தக் கடற்கழியில் ஏற்றம் இரட்டையாக வருவதால் அப்படி என்று அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் அத்தைக்குக் கைச்சாடையில் விளக்கினார், நான் மொழிபெயர்த்தேன். அத்தைக்குக் கப்பல் பயணத்தைவிட அந்தப் பேச்சு பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது.

காரில் எரிபொருள் பாதித் தொட்டி இருக்கிறது. எம்ஓடி சான்று (கார் ஓட்டத் தகுதியானது என்ற ஆண்டுச் சோதனைச் சான்று) செப்டம்பர் வரை செல்லும். பயணத்துக்கு நடுவே அது காலாவதியாகிவிடக் கூடாது என்று பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். மைல் கணக்கு, நான்கு பக்கமும் கீறல்கள், சக்கரங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டோம்.

16 ஜூன் 2024

நேற்று திரும்பினோம். ஒன்பதேகாலுக்கு இறங்கினோம், பத்துக்கு எம்3இல் இருந்தோம். சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே கேட்டிருந்தோம். ஓர் அம்மையார் அத்தையை அறை வாசலிலிருந்து சாவி மேசை வரை தள்ளிக்கொண்டு வந்தார். அந்த உதவியைப் பயணம் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். முனையத்தில் வந்து கேட்டால் கிடைத்தாலும் காத்திருக்க நேரும்.

ஒரே ஒரு குறை. கார் கிளம்பவில்லை. எட்டு நாள் நின்றதில் மின்கலம் தளர்ந்துவிட்டது, ஐந்து வயதான மின்கலம். நிறுத்தத்து ஆட்கள் இணைப்புக் கம்பி கொண்டுவந்து ஐந்து நிமிடத்தில் கிளப்பிக் கொடுத்தார்கள். துறைமுகத்துக்குள் ஆள் இருந்ததால் அது முடிந்தது. யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தை வாடகைக்கு எடுத்து விட்டிருந்தால் அங்கே யாரைக் கூப்பிடுவோம்? பழைய மின்கலம் உள்ளவர்கள் கிளம்பும் முன் சோதித்துக்கொள்ளுங்கள். காரின் உள்விளக்கு, கண்காணிப்புக் கேமரா எதுவும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

19 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்ட மில்டன் கீன்ஸ் வாசகர் நல்லபடியாகப் போய்த் திரும்பியதாக எழுதியிருக்கிறார். என் பேச்சைக் கேட்டு முந்தின இரவு தங்கினார், காரைத் துறைமுகத்துக்குள் விட்டார். ஆனால் அவருக்கு நடந்த ஒன்று என் பிப்ரவரி யோசனையைத் திருத்துகிறது. முதலில் ஓஷன் முனையம் என்று சொல்லியிருந்ததால், அதற்கு அருகிலுள்ள ஹை ஸ்ட்ரீட் ஓட்டலைப் பிடித்திருக்கிறார். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது கப்பல் மேஃப்ளவருக்கு மாற்றப்பட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. கார் நிறுத்தம் தானாகவே புதிய முனையத்துக்கு மாறிவிட்டது, அதற்கு அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஓட்டலை மாற்ற முடியவில்லை, ஏனென்றால் பணம் திரும்பக் கிடைக்காத கட்டணத்தில் எடுத்திருந்தார். பழைய கட்டடத்தில் நான்கு படிகளும் இருந்தனவாம். அம்மாவை அவரும் மனைவியும் இரு பக்கமும் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள்.

முனையத்தைப் பார்த்துவிட்டு ஓட்டலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது நான்தான். முனையம் மாறக்கூடியது என்பதை அன்றே சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி செய்திருப்பார்; அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இனி கேட்பவர்களுக்கு என் திருத்தம் இது. கப்பல் வாசலில் காரை விடப்போகிறீர்கள் என்றால் ஓட்டல் முனையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் காலையில் உங்கள் காரிலேயே போகப்போகிறீர்கள். மின்தூக்கி, ஷவர், காலைச் சாப்பாடு, ஓர் இரவு கார் நிற்க இடம், இவற்றைப் பார்த்துவிட்டு எம்27ஐ ஒட்டி ஊருக்கு வெளியே இருந்தாலும் எடுங்கள். டாக்சியிலோ ரயிலிலோ வருகிறவர்கள் மட்டும் முனையத்தைப் பாருங்கள், அவர்களும் கடைசி வாரம் வரை ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே அறையை எடுங்கள்.

செப்டம்பரில் போகிறவர்கள் படகுக் கண்காட்சித் தேதிகளையும் பார்த்துவிடுங்கள். அது மேஃப்ளவர் பூங்காவில் நடக்கும். அந்த நாள்களில் வெஸ்ட் குவே சாலை ஓட்டல்களில் அறை கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் விலை வேறு. எங்கள் அடுத்த பயணம் 2025 மே மாதம். சவுத்தாம்ப்டனுக்கு வெளியே ரோம்சி பக்கம் தரைத்தளத்தில் அறையுள்ள ஒரு விடுதியை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் நேற்றே எடுத்துவிட்டேன். அத்தை இப்போதே கேட்பது, அந்த மீன் பிடிக்கும் பெரியவர் அங்கே இருப்பாரா என்றுதான்.